பெயரை நம்பிப் போட்ட பணம்

கேளம்பாக்கம் கூட்டுச்சாலையிலிருந்து வண்டலூர் ரோட்டில் திரும்பினால் இரண்டு பக்கமும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் மேற்கு மாம்பலத்திலும் இருந்த பழைய வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட்டு, ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளையோடு வந்துவிட்ட பெரியவர்கள் இங்கே நிறையப் பேர். ஃபிளாட் வாங்கியது போக மிச்சம் இருக்கும். பி.எஃப். பணம் இருக்கும். கிராஜுவிட்டி இருக்கும். சாயங்கால நடை முடிந்து பெஞ்சில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் பணத்தை எங்கே போடுவது என்பதில்தான் வந்து நிற்கும்.

“பேங்க்ல ஏழு பர்சென்ட்டைத் தாண்ட மாட்டேங்குது சார்.”

“அப்ப அங்க போடுங்க சார். நூத்தம்பது வருஷமா இருக்கான். எங்க ஓடிப் போயிடப் போறான்?”

அந்த நூற்றைம்பது வருஷத்துக்கு என்ன ஆனது என்பதை 2024 ஆகஸ்ட்டில் பார்த்தோம். 1872-ல் தொடங்கப்பட்ட மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டின் மேலாண்மை இயக்குநர் தேவநாதன் யாதவைப் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் கைது செய்தார்கள். முதிர்வுத் தேதி முடிந்தும் வைப்புத்தொகை திரும்பவில்லை, மொத்தம் 500 கோடி ரூபாய்க்கு மேல் என்று புகார். நீதிமன்றம் சொல்லும்வரை குற்றச்சாட்டு குற்றச்சாட்டுதான். அதற்கு மேல் ஒரு சொல் எழுதுவது முறையல்ல. ஆனால் பணம் போட்டவர்கள் எதை நம்பிப் போட்டார்கள் என்று கேட்கலாம். பேராசைப்பட்டு மாதம் முப்பது பர்சென்ட் வட்டி கேட்டவர்கள் அல்ல அவர்கள். அப்பா போட்டார், தாத்தா போட்டார், அதனால் தாங்களும் போட்டார்கள்.

இதே நகரம் இதே நம்பிக்கையை வைத்து ஒரு முறை முழுசாக ஏமாந்திருக்கிறது. அந்தக் கதையை இந்தியன் வங்கி பிறந்த கதையாகவே பெரும்பாலும் சொல்கிறோம். ஏமாந்த கதையாகச் சொல்வது குறைவு.

சனிக்கிழமை லண்டனில், திங்கட்கிழமை மதராஸில்

1906 அக்டோபர் 20, சனிக்கிழமை. லண்டனில் பேட்ரிக் மெக்ஃபேடியன் என்ற வணிகர் ரயில் முன் பாய்ந்து உயிரை விட்டார். அவர் நடத்திய பி. மெக்ஃபேடியன் கம்பெனிதான் மதராஸ் அர்பத்நாட் கம்பெனிக்கு லண்டனில் எல்லாம். மதராஸ் கம்பெனியிலும் அவர் பங்குதாரர். ஞாயிறு ஒரு நாள்தான் இடையில். 22-ஆம் தேதி திங்கட்கிழமை அர்பத்நாட் கம்பெனி கொடுக்கல் வாங்கலை நிறுத்தியது. மஞ்சள் கடிதாசி கொடுத்தாயிற்று.

பாரி, பின்னி, அர்பத்நாட். பத்தொன்பதாம் நூற்றாண்டு மதராஸில் வெள்ளைக்கார வியாபாரம் என்றால் இந்த மூன்று பெயர்கள்தான் முதலில் வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வேர்விட்ட கம்பெனி அர்பத்நாட். அந்த வம்சத்தைச் சேர்ந்த சர் அலெக்சாண்டர் அர்பத்நாட் 1872-ல் சில மாதங்கள் மதராஸின் தற்காலிக ஆளுநராகவே இருந்திருக்கிறார். (மயிலாப்பூர் ஃபண்ட் பிறந்ததும் அதே 1872-ல் என்பது தற்செயல்தான்.) 1906-ல் கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட். வர்த்தக சபையில் தலைமைப் பதவி, சட்டசபையில் இடம், பெயருக்கு முன்னால் ‘சர்’. ஊரில் எந்தப் பெரிய காரியத்துக்கும் முதல் வரிசை நாற்காலி அவருக்கு உண்டு.

இந்தக் கம்பெனிகளை ஏஜென்சி ஹவுஸ் என்பார்கள். கப்பல் சரக்கு, இன்ஷூரன்ஸ், தோட்டம், ஏற்றுமதி என்று கைவைக்காத தொழில் இல்லை. அதோடு சேர்த்து வங்கித் தொழிலும். பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கி வட்டி கொடுப்பார்கள். அரசாங்கத்தின் கையைப் பிடித்து நடந்த மதராஸ் வங்கி கடற்கரைச் சாலையிலேயே இருந்தது. ஆனால் சாதாரண ஆளுக்கு அதன் படியேறத் தயக்கம், வட்டியும் சொற்பம். அர்பத்நாட்டில் வட்டி சற்றுக் கூடுதல், மரியாதையும் கூடுதல். வக்கீல்கள் போட்டார்கள். பென்ஷன் வாங்கிய அதிகாரிகள் போட்டார்கள். ஜமீன்தார்கள், விதவைகள், வெள்ளைக்காரக் குடும்பங்கள், இந்தியக் குடும்பங்கள் எல்லாரும் போட்டார்கள்.

இப்படி வந்த பணம் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியப்படுத்த வேண்டிய கட்டாயமும் அன்று இல்லை. அர்பத்நாட், பங்கு விற்ற வரையறுக்கப்பட்ட கம்பெனி அல்ல. சில பேர் சேர்ந்து நடத்திய கூட்டு வியாபாரம். ஐந்தொகைக் கணக்கை வெளியிட வேண்டியதில்லை. வெளியிலிருந்து ஆடிட்டர் வந்து பார்க்க வேண்டியதில்லை. வங்கி நடத்த லைசென்ஸ் என்று ஒன்றே கிடையாது. தோட்டத்தில் போட்ட பணமும் விதவை கொடுத்த வைப்புத்தொகையும் ஒரே பெட்டியில் கிடந்தன. அந்தப் பெட்டியின் சாவி பங்குதாரர்களின் இடுப்பில்.

மெக்ஃபேடியன் லண்டனில் ஊக வணிகத்தில் இறங்கியிருந்தார். ஆதாயம் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் எல்லாம் பள்ளம் விழுந்தது. அந்தப் பள்ளத்தை மதராஸ் பணத்தால் நிரப்பினார்கள். லண்டன் கம்பெனியும் மதராஸ் கம்பெனியும் கிட்டத்தட்ட ஒரே ஆட்களுடையவை என்பதால், ஒன்று தடுமாறினால் மற்றது ஜாமீன் நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டு கம்பெனிகள் ஒன்றை ஒன்று தாங்குவதாகத் தெரியும். உண்மையில் இரண்டு குடிகாரர்கள் தோளில் கைபோட்டு நடந்த கதை. ஒருவன் விழுந்தால் மற்றவன் நிற்கமாட்டான். சனிக்கிழமை ஒருவன் விழுந்தான்.

புத்தகங்களைப் பிரித்துப் பார்த்தபோதுதான் ஊருக்கு உறைத்தது: கம்பெனி அந்தத் திங்கட்கிழமை திவாலாகவில்லை. அதற்கு வெகு காலம் முன்பே உள்ளே எதுவும் மிச்சமில்லை. வாங்கிய கடனுக்கு ஈடான சொத்து இல்லை என்று தெரிந்தபிறகும் கவுன்டரில் வைப்புத்தொகை வாங்கிக்கொண்டிருந்தார்கள். வியாபாரத்தில் நஷ்டம் வருவது குற்றமல்ல. மழை பொய்த்தாலும் விலை சரிந்தாலும் நஷ்டம் வரும். தன்னிடம் இல்லை என்று தெரிந்தும் இன்னொருவனின் பணத்தை வாங்கி, போன வருஷம் வாங்கியவனுக்கு வட்டி கொடுப்பது வேறு காரியம். அதற்குத்தான் சர் ஜார்ஜ் கூண்டில் ஏறினார்.

1907-ல் 18 மாதக் கடுங்காவல் தண்டனை விதித்தார்கள்.

தண்டனை குறைவு என்று இன்று தோன்றலாம். அன்றைய மதராஸுக்கு அது இடி விழுந்த மாதிரி. பட்டம் பெற்ற ஒரு வெள்ளைக்காரப் பெருமகனை, வெள்ளைக்காரரின் நீதிமன்றமே, இந்தியரின் பணத்தையும் விழுங்கியதற்காகச் சிறைக்கு அனுப்பியது. பிரிட்டனின் வழக்கத்தையும் ஒரு பார்வை பார்க்கலாம். 1878-ல் ஸ்காட்லாந்தின் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி இதே மாதிரி உள்ளிருந்தே அரித்து விழுந்தது. ஐந்தொகையைத் திருத்தி எழுதியே ஒப்பேற்றியிருந்தார்கள். இயக்குநர்களுக்குக் கிடைத்த அதிகபட்சத் தண்டனையும் 18 மாதம்தான். பங்குதாரர்களுக்கு வரம்பில்லாத பொறுப்பு இருந்ததால், பங்கு வாங்கிய குற்றத்துக்காக நூற்றுக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அதைப் பார்த்துத்தான் பிரிட்டிஷ் வங்கிகள் வரையறுக்கப்பட்ட பொறுப்புக்கும் வெளித் தணிக்கைக்கும் நகர்ந்தன. அந்தப் பாடம் மதராஸுக்குக் கப்பலேறி வர இருபத்தெட்டு வருஷம் போதவில்லை.

அதே 1906-ல் பின்னி கம்பெனியும் ஆட்டம் கண்டு, பிற்பாடு இன்ச்கேப் பிரபு ஆன ஜேம்ஸ் மெக்கேயின் கைக்குப் போனது. மூன்று பெயர்களில் ஒன்று விழுந்தது, ஒன்று கைமாறியது. பாரி மட்டும் நின்றது.

வக்கீல் எடுத்த முடிவு

திருவிடைமருதூர்க்காரர் வி. கிருஷ்ணசாமி ஐயர். மயிலாப்பூர் வக்கீல்களில் அன்று முன்வரிசை. சமஸ்கிருதக் கல்லூரி அவர் தொடங்கியது. ஆயுர்வேத வைத்தியசாலையும் அவர் தொடங்கியது. காங்கிரஸில் மிதவாதி. தீவிரவாதி பக்கம் நின்ற பாரதியாரின் பாட்டுகளைக் கேட்டுவிட்டு, கொள்கைச் சண்டையை ஓரமாக வைத்து, 1907-ல் அவற்றைச் சொந்தச் செலவில் அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தவர். அர்பத்நாட்டில் பணம் போட்டு ஏமாந்தவர்களுக்காக வாதாட வந்தவரும் இவர்தான்.

திவால் வழக்கு என்பது மனசை உடைக்கிற வேலை. ஒவ்வொரு கட்சிக்காரரும் ஒரு வைப்புச் சீட்டோடு வருவார். அதில் கம்பெனியின் முத்திரை இருக்கும், கையெழுத்து இருக்கும், வட்டி விகிதம் இருக்கும். எல்லாம் சரியாக இருக்கும். பணம் மட்டும் இருக்காது. வழக்கு ஜெயித்தாலும் கிடைப்பது ரூபாய்க்கு இத்தனை அணா என்ற பங்கீடு. முதலுக்கே மோசம் வந்தபிறகு வட்டியைப் பற்றி யார் பேசுவது?

கிருஷ்ணசாமி ஐயர் வாதாடியதோடு நிற்கவில்லை. வெள்ளைக்காரன் பெட்டியில் இந்தியன் பணத்தைப் போட்டுவிட்டு அவன் தயவுக்குக் காத்திருக்கும் நிலைமையே ஒழிய வேண்டும் என்று முடிவெடுத்தார். கம்பெனி விழுந்த சில வாரங்களுக்குள் நகரப் பிரமுகர்களைச் சேர்த்துக்கொண்டு பங்கு வாங்கும்படி வேண்டுகோள் விடுத்தார். வட்டித் தொழிலில் தலைமுறை தலைமுறையாகக் கைதேர்ந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களை நாடினார். 1907 மார்ச் 5-ல் இந்தியன் வங்கி பதிவானது. ஆகஸ்ட் 15-ல் கதவு திறந்தது. முதல் இயக்குநர்களில் ஒருவர் எஸ்.ஆர்.எம்.எம். ராமசாமி செட்டியார், பிற்காலத்தில் ராஜா சர் ஆன அண்ணாமலைச் செட்டியாரின் அண்ணன். அண்ணாமலைச் செட்டியார் வழிவந்த செட்டிநாடு குழுமத்தின் மருத்துவமனையும் கல்வி நிறுவனமும்தான் இன்று கேளம்பாக்கத்தின் பாதி அடையாளம். ஓ.எம்.ஆர். பேருந்தில் ‘செட்டிநாடு ஆஸ்பத்திரி’ என்று டிக்கெட் கேட்பவர்களுக்கு அர்பத்நாட் யாரென்று தெரிய வேண்டிய அவசியமில்லைதான். ஆனால் கயிறு அங்கே போய்த்தான் கட்டியிருக்கிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அர்பத்நாட் விழுந்ததால் மட்டும் இந்தியன் வங்கி பிறக்கவில்லை. காற்றே அப்படி வீசிய வருஷம் அது. அர்பத்நாட் மூடுவதற்கு ஆறு நாள் முன்பு, அக்டோபர் 16-ல், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது. மங்களூரில் கனரா வங்கி, உடுப்பியில் கார்ப்பரேஷன் வங்கி, பம்பாயில் பேங்க் ஆஃப் இந்தியா, எல்லாம் 1906. கும்பகோணத்துக்காரர்கள் 1904-லேயே சொந்த வங்கி தொடங்கிவிட்டார்கள். அதுதான் இன்றைய சிட்டி யூனியன். மதராஸ் பட்டணம்தான் தாமதம். அர்பத்நாட் அதன் பிடரியில் ஒரு தட்டுத் தட்டியது.

பாதிப் பாடம்

1906-லிருந்து மதராஸ் எடுத்துக்கொண்ட பாடம்: அந்நியனை நம்பாதே, நம் ஆள் நடத்தும் வங்கியில் போடு. அந்தக் காலத்துக்கு அது நியாயமான கோபம். பெரிய நிறுவனங்களைக் கட்டிக் கொடுத்த கோபமும்கூட. ஆனால் அது பாதிப் பாடம்தான் என்பது என் எண்ணம். சர் ஜார்ஜ் ஏமாற்றியது வெள்ளைக்காரர் என்பதால் அல்ல; அவருடைய கணக்கை யாரும் பார்க்க முடியாது என்பதால். அந்த இடத்தில் எந்த நிறத்து ஆளை உட்கார வைத்தாலும் அதே சபலம் வரும்.

வந்தது. 1913-ல் லாகூர் பீப்பிள்ஸ் வங்கியும் பம்பாயின் இந்தியன் ஸ்பீசி வங்கியும் சரிந்தன. ஸ்பீசி வங்கியின் நிர்வாகி வைப்புதாரர் பணத்தை வெள்ளிச் சூதாட்டத்தில் விட்டிருந்தார். இரண்டும் சுதேசி வங்கிகள். சென்னையைத் தலைமையகமாக வைத்து நடந்த திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலோன் வங்கி 1938-ல் மூழ்கியது. அதில் திருவாங்கூர் அரசியல் பகையும் கலந்திருந்ததால் அது வேறு கதை.

பாடத்தின் மறுபாதி மெதுவாகச் சட்டமாக வந்தது. 1935-ல் ரிசர்வ் வங்கி. 1949-ல் வங்கிச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் வங்கித் தொழில் செய்யக் கூடாது, ரிசர்வ் வங்கி எந்தக் கிளைக்கும் போய்க் கணக்கைப் பிரிக்கலாம் என்றது. பின்னர் அதே சட்டம் இறுக்கப்பட்டு, வங்கி தன் இயக்குநர்களுக்கே கடன் கொடுப்பதற்குத் தடை வந்தது. 1906-ல் இந்த ஒரு விதி இருந்திருந்தால் மெக்ஃபேடியனுக்கு மதராஸிலிருந்து பணம் போயிருக்காது. 1960-ல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி விழுந்தபோது நாடே அதிர்ந்தது. அதன் விளைவுதான் 1962-ல் வந்த வைப்புத்தொகை காப்பீடு. ஆளுக்கு 1,500 ரூபாயில் ஆரம்பித்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் உள்ளிருந்து அரிப்பது நின்றதா? அர்பத்நாட்டின் சாம்பலில் முளைத்த இந்தியன் வங்கியே 1990-களில் அந்த வியாதியில் விழுந்து எழுந்தது. தலைமையின் தயவில் வேண்டியவர்களுக்கு வாரிக் கொடுத்த கடன்கள் வாராக்கடனாகி, 1995-96 நிதியாண்டில் மட்டும் 1,336 கோடி ரூபாய் நஷ்டம். அன்றைய தலைவர் மீது சி.பி.ஐ. வழக்குகள் தொடர்ந்தன, சிலவற்றில் தண்டனையும் கிடைத்தது. ஆனால் 1906-க்கும் 1996-க்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இந்த முறை கேளம்பாக்கத்திலோ தாம்பரத்திலோ பாஸ்புக் வைத்திருந்த ஒருவர்கூடப் பத்துப் பைசா இழக்கவில்லை. 1969-லேயே நாட்டுடைமையான வங்கி என்பதால் அரசாங்கம் மூலதனத்தைக் கொட்டிக் காப்பாற்றியது. கொட்டியது யார் பணம் என்று கேட்டால் வரி கட்டிய எல்லாருடைய பணமும்தான். 2000-ல் பொறுப்பேற்ற ரஞ்சனா குமார் அதைத் தூக்கி நிறுத்தினார். இன்று அலகாபாத் வங்கியையும் தனக்குள் சேர்த்துக்கொண்டு நடக்கிறது.

எது வங்கி, எது இல்லை

ரிசர்வ் வங்கி, வைப்புத்தொகை காப்பீடு என்ற இந்த வேலிக்கு வெளியே நிற்கின்றன நிதி நிறுவனங்கள். சிக்கல் அங்கேதான். மயிலாப்பூர் ஃபண்ட் போன்றவை சட்டப்படி ‘நிதி’. உறுப்பினர்களிடம் மட்டும் வைப்புத்தொகை வாங்கி, உறுப்பினர்களுக்கே கடன் கொடுக்கும் பரஸ்பர உதவி அமைப்பு. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தின் 406-ஆவது பிரிவும் 2014-ஆம் ஆண்டின் நிதி விதிகளும் இவற்றை ஆள்கின்றன. மேற்பார்வை ரிசர்வ் வங்கியிடம் அல்ல, மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்திடம். வைப்புத்தொகை காப்பீடு இவற்றுக்குக் கிடையாது. நல்ல கருத்தில் தொடங்கிய அமைப்புதான். நேர்மையாக நடக்கும் நிதிகள் தமிழ்நாட்டில் எத்தனையோ உண்டு. ஆனால் கவுன்டர், பாஸ்புக், டோக்கன் எல்லாம் வங்கி மாதிரியே இருப்பதால், உள்ளே நுழைகிறவருக்கு எந்த வேலியும் இல்லாத இடத்தில் நிற்கிறோம் என்பது உறைப்பதில்லை. ‘பெர்மனென்ட்’ என்று பெயரிலேயே இருந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்!

ஆருத்ரா கோல்டு மாதிரியான விவகாரங்களை இதோடு சேர்க்கக் கூடாது. மாதம் முப்பது சதவீதம் தருவேன் என்று சொன்ன இடத்தில் லட்சம் பேர் போட்டார்கள். 2,400 கோடி ரூபாய்க்கு மேல் என்று போலீஸ் கணக்கு. அங்கே தூண்டில் ஆசை. அர்பத்நாட்டிலும் நிதிகளிலும் தூண்டில் கௌரவம். ஆசைப்பட்டு ஏமாந்தவரைப் பார்த்து ஊர் சிரிக்கும். கௌரவத்தை நம்பி ஏமாந்தவர் வெளியே சொல்லவே மாட்டார், பெற்ற பிள்ளையிடம்கூட. புகார் கொடுக்கத் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

புகார் கொடுத்தால் என்ன நடக்கும்? தமிழ்நாட்டில் 1997-லிருந்து வைப்புதாரர் நலன் காக்கும் தனிச்சட்டம் இருக்கிறது, டி.என்.பி.ஐ.டி. என்பார்கள். பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போடும். நிறுவனத்தின் சொத்துகளையும் நடத்தியவர்களின் சொத்துகளையும் அரசு முடக்கும். சிறப்பு நீதிமன்றத்தின் உத்தரவில் அவற்றை ஏலம் விட்டு, வைப்புதாரர்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுக்க வேண்டும். காகிதத்தில் நல்ல சட்டம். ஆனால் முடக்கிய நிலத்தில் வில்லங்கம் இருக்கும், பினாமி இருக்கும், மேல்முறையீடு இருக்கும். எழுபது வயதில் புகார் கொடுத்தவருக்குக் காலம் எதிரி. அர்பத்நாட்டின் கடன்காரர்கள் கையில் இருந்தது 1848-ஆம் ஆண்டின் திவால் சட்டம். அது போதாமல்தான் சம்பவத்துக்கு மூன்று வருஷம் கழித்து, 1909-ல், மாகாணத் தலைநகரங்களுக்கென்று புதிய திவால் சட்டம் வந்தது. பணம் இழந்தவர்களுக்குச் சட்டம் பின்னால் வருவது அன்றும் அப்படித்தான்.

வங்கியிலேயே போட்டிருக்கிறேன், எனக்கென்ன கவலை என்பவர்களும் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். காப்பீட்டு வரம்பு 1993-ல் ஒரு லட்சம் ஆனது. 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சம் ஆனது. அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம், ஒரு வங்கிக்கு ஒரு ஆளுக்கு. கேளம்பாக்கம் கிளையில் ஐந்து, தாம்பரம் கிளையில் ஐந்து, விட்டு வந்த பழைய பேட்டைக் கிளையில் ஐந்து என்று ஒரே வங்கியில் பிரித்துப் போட்டுவிட்டு, பதினைந்தும் பத்திரம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். மூன்று கிளைக்கும் சேர்த்துத்தான் ஐந்து.